வைக்கோலுக்குக் கீழே சிமெண்டு

அண்ணா,

இன்று சாயங்காலம் திருச்சானூரில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துப் பழக்கடைக்கு மாங்காய் இறக்க வந்த வண்டியில் வைக்கோல் நனைந்து வாசனை கிளம்பியது. ஈர வைக்கோலும் மாங்காய்ப் பாலும் கலந்த வாசனை. ஆட்டோ வந்தது, போனது, நான் ஏறவில்லை. உங்கள் மாங்காய் மண்டி முற்றத்தில் நின்றுகொண்டிருப்பதாகவே கொஞ்ச நேரம் இருந்தது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இன்றைக்காவது எழுதிவிட வேண்டும் என்று ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சித்தூருக்கும் பங்காருபாளையத்துக்கும் நடுவே இருக்கும் நம் ஊரில் மழை பெய்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். மேட்டில் உங்கள் மண்டி. அந்தப் பெரிய முற்றத்திலிருந்து தண்ணீர் சத்தமே போடாமல் வழிந்து, தார் ரோட்டை நனைத்து மினுக்கி, பள்ளத் தெருவுக்குள் இறங்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் அங்கே நின்று பார்த்தால், வீடுகள் எல்லாம் மெல்ல எங்கேயோ கிளம்பிப் போவதுபோல் மயக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த அழகு தெரியாது. கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றி, அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றி, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு மழை விடுவதற்குக் காத்திருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் உங்கள் மண்டியில் கூடை தூக்குகிறவர்கள். என் நைனாவும் மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தவர். அதனாலோ என்னவோ, நம் ஊர்ப் பஞ்சாயத்து அதிகாரியாக இருந்த எனக்கு, அந்தத் தெருவுக்கு ஒரு வடிகால் கட்டாமல் மாற்றலாகிப் போவதில்லை என்று ஒரு பிடிவாதம்.

வடிகாலுக்குப் பணம்? வீட்டு வரி சம்பளத்துக்கும் தெருவிளக்குக்குமே போதவில்லை. மேலிடத்தில் கேட்டால், முதலில் ஊர்ப் பங்கைக் காட்டுங்கள், மிச்சத்தைத் தருகிறோம் என்றார்கள். அப்போதுதான் மழைத்தண்ணீர்க் கட்டணம் என்று ஒரு திட்டம் எழுதினேன். யார் எவ்வளவு தரையைச் சிமெண்டால் மூடியிருக்கிறார்களோ அவ்வளவுக்குக் கட்ட வேண்டும். மண்ணாக விட்டவருக்குக் குறைவு. மழைத்தண்ணீர் இறங்கக் குழி வெட்டினால் இன்னும் குறைவு. வந்த பணத்தை வடிகாலைத் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது. எழுதி முடித்த அன்று ஏதோ பெரிய மேதாவி மாதிரி ஆபீஸில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்!

அடுத்த நாளே நீங்கள் என்னை மண்டிக்குக் கூப்பிட்டு அனுப்பினீர்கள்.

"இன்னா மேடம், வானத்துக்கே பன்னு போட்றீங்களாமே? நாளிக்கு வெயிலுக்கும் நோட்டீஸ் வருமா?" வரிக்கு உங்கள் வாயில் எப்போதும் பன்னுதான்.

"மழைக்கு இல்லண்ணா. நீங்க தள்ளிவுட்ற தண்ணிக்கு."

"நானா தள்றேன்? அது பாட்டுக்கு அது போய்க்கினு கீது!"

உங்கள் கணக்குப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்தபோது ஒரு கீற்று மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டினீர்கள். "கோவமா கீறே, சரி. இத்த துன்னுட்டு கோவப்படு." தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. உங்களைப் பிடித்தும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

வீடு வீடாக அளக்க ஆள் இல்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து ஒரு கம்பெனி அளவு போட்டுக் கொடுத்தது. அந்தப் படம் மாங்காய் சீசனில் எடுத்தது. உங்கள் முற்றம் முழுக்க வைக்கோல் விரித்திருந்த சமயம். படம் பார்த்த கம்ப்யூட்டர் அதை மண் தரை என்று எழுதிவிட்டது. ஊரிலேயே பெரிய சிமெண்டுத் தரைக்கு ஊரிலேயே சின்ன பில்!

இதோ, சொல்ல வந்தது இதுதான் அண்ணா. நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்பே எனக்கு அது தெரியும். அந்தத் தரையில் நின்று மாங்காய் தின்றவள் நான். பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே 'மண் தரை' என்று பார்த்ததும் விரல் அங்கேயே நின்றது. திருத்தினால் உங்களுக்குப் பெரிய தொகை வரும், நீங்கள் ஆளைத் திரட்டித் திட்டத்தையே கவிழ்த்துவிடுவீர்கள் என்று பயந்தேன். சின்ன பில் வந்தால் வாயை மூடிக்கொள்வீர்கள் என்றும் நினைத்தேன். பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

நோட்டீஸ் போன மறுநாளே பள்ளத் தெரு கொதித்தது. ஒற்றை அறை வீட்டுக்காரர்களுக்கும் ஏதோ ஒரு தொகை வந்திருந்தது. உங்களிடம் கூடை தூக்கும் கன்னியம்மா ஆபீஸ் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "அவுரு மண்டி மண்ணாம், எங்க வாசப்படி சிமெண்டாம். இன்னா ஞாயம்மா இது? எங்க வூட்டுல வந்து நிக்கிற தண்ணிக்கு நாங்களே துட்டு கட்டணுமா?" யாரும் கட்டுவதில்லை என்று முடிவாகிவிட்டது. ஊர்ப் பங்கு இல்லையென்றால் வடிகால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம். அன்றும் தூறிக்கொண்டிருந்தது. ஓட்டில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டே, எல்லாம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் வந்தீர்கள். சும்மா இருந்திருந்தாலே ஜெயித்திருப்பீர்கள். பில்லைத் தூக்கிக் காட்டினீர்கள்.

"இதுல என் முத்தம் மண்ணுன்னு எழுதிக்கீது. இங்க கீற ஒவ்வொருத்தரும் அந்தத் தரையில முட்டிய பேத்துக்கினவங்கதான். அது மண்ணா? வைக்கோலு விரிச்ச நேரத்துல படம் புட்ச்சிக்கீறானுங்க. பன்னு வேணாம்னு கத்தனவன் நான், இப்பவும் கத்துவேன். அது வேற. ஆனா எட தப்பா போட்டுப் பொழச்சவன் இல்ல நானு. மறுபடி அளங்க."

பின்னாலிருந்து யாரோ, மேடம்தான் உங்களுக்குச் சலுகை செய்தார்களா என்று கேட்டார்கள். நீங்கள் சட்டென்று திரும்பினீர்கள்.

"யேய், வாய கழுவு. இந்தம்மா அப்டிச் செய்ற ஆளு இல்ல. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வந்து அளந்திருப்பாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

மறுநாள் டேப்பின் ஒரு முனையைக் கன்னியம்மா பிடித்தாள், மறுமுனையை நான். நீங்கள் பின்னாலேயே வந்து, "மாமரத்தச் சுத்தி மண்ணு கீது, அத்த கழி" என்று ஜாணுக்கு ஜாண் சண்டை போட்டீர்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் கட்டினீர்கள், பிறகு தெருவும் கட்டியது. அடுத்த வருஷமே முற்றத்தின் தாழ்ந்த ஓரத்தை உடைத்துக் குழி வெட்டி, "இப்ப பில்ல கொற" என்று ஆபீஸில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். குறைத்தோம். வடிகால் வந்தது. அந்த ஐப்பசியில் பெருமழை. நான் குடையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெருவின் ஓரமாகத் தன் வழியே போய்க்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் கட்டில் தரையிலேயே கிடந்தது, அதில் ஒரு குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியாகத் திருப்பதியில் உங்கள் மகள் வீட்டில் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்து, "மழ பேயுதாம்மா?" என்று கேட்டீர்கள். வெளியே நல்ல வெயில். "ஆமாண்ணா, நல்ல மழ" என்றேன். "தெருவுல நிக்குதா?" "நிக்கலண்ணா." சிரித்தபடி கண்ணை மூடிக்கொண்டீர்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வது? இட்லி வைத்தார்கள், சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது எந்தப் படத்தையும் நம்புவதில்லை. எந்த வாசலானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். ஆனால் நான் மாற்றலாகி வந்த இந்த ஊருக்கும் உங்கள் சொல் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது அண்ணா. நம் ஊர்க்காரர்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் அளந்தால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். "அந்த மண்டிக்காரரே சொன்னாராமே, இந்தம்மா தெரிஞ்சு தப்பு பண்ண மாட்டாங்கன்னு" என்கிறார்கள். நீங்கள் கொடுத்த அந்தப் பேரை வைத்துக்கொண்டுதான் இன்றும் வேலை செய்கிறேன். அது எனக்கு உரியது இல்லை என்று இத்தனை நாளும் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.