என் வண்டி ஏன் நின்றது

உன் கடையைக் காலி செய்கிறார்கள். நேற்று உன் மகன் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து, "அத்தை, நைனாவோட சாமானு. உங்களுக்குத்தான் ஒதவும்" என்று வைத்துவிட்டுப் போனான். திறந்தேன். குறடு, ஸ்க்ரூ டிரைவர், அடியில் பாதி தீர்ந்த கறுப்புத் துணி டேப். அந்தத் தார் வாசனை மூக்கில் ஏறியதும் பெட்டியை மூடிவிட்டேன். செத்தவர்களை நினைத்தால் மனம் இளகும் என்பார்கள். எனக்கு இளகவில்லை, அண்ணா. கோபம்தான் வந்தது.

உன்னைப் பற்றி ஊரில் இன்னும் ஒரே கதைதான். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் போன தங்கைக்குக் கரண்டு வண்டி செய்து கொடுத்த அண்ணன். அறுபதுகளில் செஞ்சியில் கார் வைத்திருந்தவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நீ ஓடாத கார் ஒன்றின் டைனமோவைக் கழற்றி, அதையே மோட்டாராக ஓட வைத்தாய். சைக்கிள் சக்கரம் மூன்று பூட்டி, இருக்கைக்கு அடியில் லாரி பேட்டரியை வைத்தாய். முதன்முதலில் கடைத்தெருவில் நான் அதை ஓட்டிக்கொண்டு போனபோது வியாபாரிகள் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். அன்று நான் சந்தோஷத்தில் அழுதது நிஜம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊருக்குத் தெரியாதது வேறு. பனமலையிலிருந்தும் தளவானூரிலிருந்தும் மாட்டு வண்டியில் உன் கடைக்கு வந்து இறங்கிய எரிந்துபோன பம்பு செட் மோட்டார்களுக்கெல்லாம் காயில் கட்டியவள் நான். வீட்டின் பின்கட்டில் தரையில் உட்கார்ந்து, செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் பூசிக் காயவைத்துத் தருவேன். கடையில் யாராவது, "யாருங்க கட்னது, அருமையா ஓடுது" என்று கேட்டால், "நாந்தான்" என்பாய். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. நீ வண்டி செய்து கொடுத்தவன் அல்லவா.

வண்டி அடிக்கடி நின்றது. நின்றால் யாரையாவது அனுப்பி உன்னைக் கூப்பிடுவேன். நீ வருவாய். உடனே தொடமாட்டாய். நாலு பேர் சேரும்வரை சுற்றிச் சுற்றிப் பார்ப்பாய். பிறகு குனிந்து எதையோ திருகுவாய், வண்டி ஓடும். நாலு பேரும் உன் தோளைத் தட்டுவார்கள். நான் ஒரு பொம்மை மாதிரி அதில் உட்கார்ந்திருப்பேன்.

அது எனக்குப் பிடிக்காமல் போனது. கார் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரை இணைத்து வைத்துக்கொண்டேன். ஒரு முனையைப் பேட்டரியில் மாட்டிவிட்டு, மறு முனையால் கரண்டு போகும் வழியெல்லாம் தொட்டுக்கொண்டே போவேன். எங்கே பல்பு அணைகிறதோ, அதற்கு முன்னால்தான் கோளாறு. சில சமயம் அதுவும் ஏமாற்றும். சந்தைக்குப் போகும் வழியில் ஒருநாள் எல்லா இடத்திலும் பல்பு எரிந்தது, வண்டி மட்டும் நகரவில்லை. பார்த்தால் பேட்டரி முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பல்புக்குப் போதுமான கரண்டு அதைத் தாண்டி வந்தது, மோட்டாருக்குப் போதவில்லை. அதன் பிறகு, சுவிட்சைப் போட்டு மோட்டாருக்குப் பாரம் கொடுத்துவிட்டுத்தான் சோதிப்பேன். அந்த உப்பை நானே சுரண்டி எடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். உன்னிடம் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "ஒயருல கைய வைக்காத பாப்பா, சாக்கடிக்கும்" என்றாய். அந்தப் பேட்டரியில் சாக்கடிக்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டிலிருந்தே படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை ஒன்று காலியானது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "உன் கையெழுத்து, கணக்கு எல்லாம் எனக்குத் திருப்தி. நேரத்துக்கு வந்து சேருவியான்னுதான் கமிட்டிக்காரங்க கேக்கறாங்க. திங்கக்கெழம பத்து மணிக்கு வந்து நில்லு, அது போதும்" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை சுவிட்சைப் போட்டேன். வண்டி அசையவில்லை. நீ சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தாய்.

"அண்ணா, வண்டி கெளம்பல."

"சாயங்காலம் வந்து பாக்கறேன்."

"பத்து மணிக்குப் போவணும்ணா."

"அதுக்கு இன்னா பண்றது? மிஷினு அது. அது இஷ்டத்துக்குதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

அம்மா குதிரை வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள். நான் கட்டியிருந்த நல்ல புடவையோடு தரையில் இறங்கி, நகர்ந்து வண்டிக்கு அடியில் போனேன். பேட்டரியில் பல்பு எரிந்தது. ஃபியூஸில் எரிந்தது. சுவிட்சைத் தாண்டியும் எரிந்தது. மோட்டாரில் எரியவில்லை. நடுவில் இருந்தது ஒரே ஒரு ஒயர். அதைத் தடவிக்கொண்டே போன விரலுக்கு, இருக்கைச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு டேப் சுற்று தட்டுப்பட்டது. முந்தின நாள் அது அங்கே இல்லை. டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்து ஒட்டியிருந்தது. நீ அப்படித்தான் ஒட்டுவாய். "பின்னால பிரிக்க சுளுவா இருக்கும்" என்பாய்.

பிரித்தேன். ஒயர் தேய்ந்து அறுந்திருக்கவில்லை. குறடால் வெட்டியிருந்தது. இரண்டு முனையும் தொடாமலிருக்க நடுவில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று.

அம்மா குதிரை வண்டி கிடைக்காமல் திரும்பி வந்தாள். பல்லால் ஒயரைச் சீவி, முறுக்கி இணைத்து, கிளம்பினேன். வெயில் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது புடவையெல்லாம் அழுக்கு, கையெல்லாம் கரி. கமிட்டிக்காரர் ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மொத நாளே இப்பிடி" என்றார். அவ்வளவுதான், அந்த வேலை எனக்கில்லை. தலைமையாசிரியை தலை குனிந்துகொண்டார்.

அங்கிருந்து நேரே உன் கடைக்கு வந்தேன். தளவானூர்க்காரர் ஒருவர் மோட்டாரோடு நின்றிருந்தார்.

"ஒயர ஏன் வெட்டின?"

"இன்னா ஒளர்ற? வூட்டுக்குப் போ."

"ஏன் வெட்டினன்னு கேக்கறேன்."

நீ குரலைத் தணித்தாய். "நொண்டித் தங்கச்சிய வேலைக்கு அனுப்பிச்சி சோறு திங்கறான்னு ஊரு பேசும். நீ வேலைக்குப் போய்ட்டா இங்க காயிலு யாரு கட்றது?"

முதல் வாக்கியம் ஊருக்காகச் சொன்னது. இரண்டாவதுதான் உண்மை. அது காதில் விழுந்து, அந்தத் தளவானூர்க்காரர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப கட்னது நீயாம்மா?" என்று கேட்டார்.

"நான்தான். இனிமே இந்தக் கடைக்குக் கட்ட மாட்டேன்" என்றேன்.

கட்டவில்லை. நீ கட்டிக் கொடுத்த மோட்டார்கள் புகைந்தன. விவசாயிகள் வீடு தேடி வந்தார்கள். அம்மா முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். அங்கேதான் என் கடை வளர்ந்தது. ஒரே தெருவில் இருந்துகொண்டு பல வருஷம் நீ என்னோடு பேசவில்லை. நான் பேச விரும்பவும் இல்லை.

உனக்குப் பக்கவாதம் வந்த பிறகு அண்ணி சொல்லி அனுப்பினாள். வந்தேன். நீ கட்டிலில் கிடந்தாய். அண்ணி காப்பி போட உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினாய்.

"பாப்பா, அன்னிக்கி..."

வண்டியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினேன். இத்தனை வருஷமும் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது.

"அன்னிக்கி மழ வர்ற மாதிரி இருந்துச்சி. நீ நனஞ்சி போவியேன்னுதான்..."

சரி என்று விட்டிருக்கலாம். சாகப்போகிறவன் சொல்வது. என்னால் முடியவில்லை.

"இல்லண்ணா. அன்னிக்கி நல்ல வெயிலு."

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அண்ணி கொண்டுவந்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உன்னைப் பிணமாகத்தான் பார்த்தேன். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு, "பழசெல்லாம் மறந்துட்டு அழுடி" என்றார்கள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை. கேட்காமல் போன அந்த வார்த்தையைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன், அண்ணா. பாரமாகத்தான் இருக்கிறது. இறக்கி வைக்க மனம் வரவில்லை.