சுவிட்ச் ஆஃப் என்றது அந்தக் குரல்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மொபைல் கடைக்கு இன்று சார்ஜர் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பூலாம்பாடிக்காரர் ஒருவர் பட்டன் போனைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பேட்டரி மாற்றியாயிற்றாம், சிம் மாற்றியாயிற்றாம், ஊருக்குப் போனால் டவர் வருவதில்லையாம்.

"இங்க மட்டும் காட்டுதுல்ல? கடைக்குள்ள மந்திரம் கிந்திரம் போட்டு வச்சிருக்கியா?"

கடைக்காரர் சிரித்தார். "போன்ல ஒண்ணுமில்லண்ணே. உங்க ஊரு டவர்ல பழைய நெட்வொர்க்க நிறுத்திட்டாங்க. புதுசு இந்தப் போனுக்கு எடுக்காது. வேற போன்தான் வாங்கணும்."

அவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். போன வருஷம் இதை யாராவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். சார்ஜர் வாங்காமலே வீடு திரும்பி உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தோம். நான் படிக்கும் நாவல்களின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, முடிவைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவாய். "உன் மனசுல இருக்கறத வெளிய எடுக்கப் பாதாளக்கரண்டிதான்டி போடணும்" என்பாய். உண்மைதான். அதனால்தான் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்ததைப் பற்றி உன்னைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள், வீட்டுக்குத் தெரியாமல் விடியற்காலை பஸ்ஸில் கிளம்பிவிடுவதாக இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்பே அம்மாவும் மாமாவும் நின்றிருந்தார்கள். மாமா என் பையை வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டேன். "ஏன்டி சொன்ன?"

"இரு, கத்தாத. போன்ல வேணாம். நேர்ல வா, சொல்றேன்."

"உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

நான்கைந்து நாளில் கோபம் தணிந்தது. கூப்பிட்டேன். நீங்கள் அழைக்கும் எண் சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்றது ஒரு பெண் குரல். எத்தனை மரியாதையான குரல் தெரியுமா அது! பத்து நாள் காலையும் மாலையும் அதையே கேட்டேன். குற்றம் உள்ளவள் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று முடிவு செய்தேன். இத்தனை புத்தகம் படித்தவள், ஒரு இயந்திரம் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நம்பினேன். "உங்கள் சேவை மேம்படுத்தப்படுகிறது" என்று அந்தக் கம்பெனி என் போனுக்குக்கூட ஒரு செய்தி அனுப்பியிருந்தது. அதற்கும் உனக்கும் தொடர்பிருக்கும் என்று தோன்றவே இல்லை.

மஞ்சள் காமாலையில் நீ போய்விட்ட செய்தி கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் தாமதமாக வந்தது. பதினாறாம் நாளுக்கு முன்பே விக்கிரமங்கலம் வந்தேன். உன் வீட்டுக்கு நான் வந்தது அதுதான் முதல் தடவை. உன் கணவர் லாரிக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். அழுவதற்கு முன் என் வாயில் வந்தது அந்தக் கேள்விதான். "ஏண்ணா போனை ஆஃப் பண்ணி வச்சிருந்தா?"

"அவ எங்கங்க ஆஃப் பண்ணா? நித்தம் சார்ஜ் போட்டு வைப்பா. ரிப்பேர்னு நெனச்சு ஜெயங்கொண்டம் எடுத்துட்டுப் போனோம். கடையில நல்லா எடுத்துச்சு, வூட்டுக்கு வந்தா செத்துப்போச்சு. சிம்ம மாத்தச் சொன்னாங்க, மாத்துனோம். ஒண்ணும் ஆவல."

"உங்க போன்ல கூப்பிட்டிருக்கலாமே."

"குடுத்தேங்க. 'அது அவ விஷயம், உங்கள வச்சிகிட்டுப் பேச முடியாது'ன்னுட்டா. ஆஸ்பத்திரியில படுத்திருக்கயிலதான் எங்கிட்டயே சொன்னா. உங்க அம்மா வந்து அழுதாங்களாம், பொண்ணு ஏதோ பண்ணிக்கப் போவுதுன்னு. பயந்துபோயி சொல்லிட்டாளாம்."

ஆக, சொன்னது நீதான். சாவு வீட்டில் நின்றுகொண்டு எனக்குக் கோபம் வந்தது. கட்டின புருஷன் காதில்கூட என் விஷயம் விழக்கூடாது என்று இருந்தவள், என் அம்மாவின் கண்ணீருக்கு அதைக் கொடுத்துவிட்டாய். அம்மாவின் அழுகை எப்படிப்பட்டது என்று நான் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அரை மணி நேரம் உன்னைத் திட்டியிருக்க வேண்டும். நீயும் பதிலுக்குக் கத்தியிருப்பாய். அந்தச் சண்டையைக்கூட அந்தக் கம்பெனிக்காரர்கள் நமக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள்.

அப்போது அவர் சொன்னார்: "ஏரிக்கரை மேல ஒரு எடத்துல லேசா டவர் எடுக்கும்னு அங்க போயி போயி நிப்பா. ஒரு தடவ லைன் கெடச்சுதாம். உங்களுக்குத்தான் கேக்கலன்னு வந்து சொன்னா."

"ஆமாண்ணா, கேக்கல" என்றேன்.

நீ ஏரிக்கரையிலிருந்து கூப்பிட்ட அன்று நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். போனில் உன் பெயர் வந்தது. தனக்கு வேண்டும்போது மட்டும் ஆன் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். ஒரே காற்று. எங்கோ மயில் அகவியது. "கேக்குதாடி? நான்தான். ஏய், கேக்குதா?" உனக்கு மூச்சு வாங்கியது. நீயும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

"உனக்கு டவர் இல்லபோல. சரிடி, அப்பறம் போடறேன்."

நீ செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆனால் வேறு ஒருவரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு நன்றாகக் கேட்டது.