வெளிறிப்போன தங்கமீன்கள்

நல்லூருக்குப் போகும் அவசரத்தில் சுபாஜினி கணவனுக்கு எழுதிக் குசினி மேசையில் வைத்தாள்:

“இஞ்சாருங்கோ, மீன் வாங்கிறவர் இண்டைக்கு வாறார். போனமுறை என்ரை முகத்துக்கு முன்னாலையே அவரிட்டை, ‘உந்தச் சிவப்பெல்லாம் நான் பெருக்கின இனத்தின்ரை குணம், இவள் சும்மா தீன் போடுறவள்’ எண்டு சொன்னியள். அண்டையிலிருந்து நான் தீனிலை நிறம் குடுக்கிற கரட்டும் செவ்வந்திப்பூவும் அரைச்சுச் சேர்க்கிறேல்லை. வெறும் தவிடுதான். தங்கமீனெல்லாம் வெளிறிப்போச்சு. ஒருநாளாவது தொட்டியை எட்டிப் பார்த்திருந்தால் தெரிஞ்சிருக்கும். இப்ப உங்கடை இனத்தின்ரை குணத்தை அவருக்கு வடிவாக் காட்டுங்கோ. சோறும் கறியும் மூடி வைச்சிருக்கிறன்.”

வாசல் படலைவரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

“கறிக்கும் மிளகாய்த்தூள் போடேல்லை. நான் சும்மா சமைக்கிறவள்தானே.”