கிளி பொய் சொன்னதாகச் சொல்லச் சொல்கிறார்கள்

திருப்பாதிரிப்புலியூர்
22.06.2009

அன்புள்ள மச்சான் பழனிவேல் அவர்களுக்கு,

சுப்புராயன் எழுதுவது. இங்கே நானும் தைலம்மாளும், சிதம்பரத்தில் தங்கச்சி லோகநாயகியும் உங்கள் மகள் அனுப்பிரியாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் நினைத்தேன், பேனா நகரவில்லை. எட்டு நாள் ஆகியும் எனக்கு அதிர்ச்சி தெளியவில்லை. மஸ்கட் வெயிலில் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் ‘விஷயத்துக்கு வாய்யா’ என்றீர்கள், விஷயத்துக்கு வந்ததும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பாருங்கள். நம்ம புவனகிரி தில்லைநாதன் புதன்கிழமை விமானம் ஏறுகிறார், வியாழக்கிழமை உங்கள் கேம்ப்புக்கே வந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

என் தொழில் அமோகமாக நடக்கிறது. ரேடியோ ரிப்பேருக்கு ஆள் வருவது நின்றதிலிருந்து வீட்டு முன்னறையில் பேசும் பொம்மைகளைப் பழுது பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் சிங்கப்பூர், பினாங்கு போனவர்கள் வாங்கி வந்த சாமான்கள். முதுகில் கேசட்டைப் போட்டால் வாயைத் திறந்து கதை சொல்லும் கரடி, வயிற்றைத் தட்டினால் சிரிக்கும் மாலுமி, கயிற்றை இழுத்தால் இங்கிலீஷில் பசிக்கிறது என்று அழும் பாப்பா. போன மாதம் நான் சரி செய்து கொடுத்த கரடி இங்கிலீஷை மறந்து தமிழில் கதை சொல்லுகிறதாம். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரர் கப்பல் மாதிரி ஒரு காரில் வந்து, செய்தவனே கைவிட்ட பொம்மையைப் பேச வைத்துவிட்டாயே என்று என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். தைலம்மாள் சாட்சி. அவள் அப்போது கடைத்தெருவுக்குப் போயிருந்தாள், ஆனாலும் சாட்சி. எட்டாவதோடு நின்றவன் என்று உங்கள் அண்ணன் என்னைச் சொல்லுவார். எட்டாவதில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்துத் தலைமை ஆசிரியர் கண்ணீர் விட்டார். எதற்கு விட்டார் என்பது வேறு விஷயம்.

இதுவரை எழுதியதில் வழக்கம்போல் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். முக்காலைக் கழித்தாலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் மச்சான், இதற்குக் கீழே எழுதுவதில் ஒரு புள்ளியைக்கூடக் கழிக்க வேண்டாம்.

அந்தக் கிளி ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து என்னிடம் வந்தது. பச்சை வெல்வெட் உடம்பு, கட்டைமேல் உட்கார்ந்திருக்கும், பேட்டரியில் ஓடும். நாம் பேசினால் வயிற்றுக்குள் ஓயாமல் சுற்றுகிற சின்ன டேப்பில் பேச்சு ஏறும். பேச்சு நின்றதும் தலையை ஆட்டி, சிறகை அடித்து, அலகைத் திறந்து அதையே திருப்பிச் சொல்லும். அடுத்த சத்தம் கேட்டதும் முந்தினது அழிந்துவிடும். இவ்வளவுதான் அதன் வித்தை. சொந்தமாக ஒரு சொல் அதற்குத் தெரியாது.

வரும்போது பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்துக் கிடந்தது. எலுமிச்சம்பழச் சாற்றில் துடைத்தேன். பெல்ட் இற்றுப் போயிருந்தது, மாற்றினேன். மைக் செத்திருந்தது, அந்த மாதிரி மைக் இப்போது எங்கேயும் கிடைக்காது. பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி வாத்தியார் காலமான பிறகு அவருடைய காது மெஷினை அவர் மகன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதன் மைக்கைப் பிரித்து உள்ளே வைத்தேன். கட்டைக்குக் கீழே பழைய டிரான்சிஸ்டர் ஸ்பீக்கர். முணுமுணுத்தால் கிளிக்குக் கேட்கும், கிளி சொன்னால் எதிர்வீட்டுக்குக் கேட்கும். இது என் கைவேலை, இதிலும் கழிக்காதீர்கள்.

14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருவதிகையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் சிதம்பரம் வந்தார்கள். தரகர் பக்கிரி முன்சீட்டில். மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் ஓசூர் கம்பெனி டீ-ஷர்ட்டில் இல்லாமல் பட்டு வேட்டியில் இறங்கினான். நீங்கள் போட்டோவில் பார்த்ததைவிட நன்றாகவே இருந்தான். அனுவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பூ வைத்தாயிற்று. அப்புறம் பந்தி. பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தி ஆகிவிட்டோம் என்று அர்த்தம், அதற்குமேல் பேச்சில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா.

வந்தவர்களை அசத்தலாம் என்று கிளியைக் கொண்டுபோயிருந்தேன். நான் ‘வாங்க சம்பந்தி’ என்றேன், அதுவும் ‘வாங்க சம்பந்தி’ என்றது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. மாப்பிள்ளையின் அம்மா விருத்தாம்பாளே சிரித்து, ‘இந்த மாமாவ எங்க ஊட்டுக்கு அனுப்பிடுங்க, பொழுது நல்லா போவும்’ என்றார்கள். பந்தி போட்டதும், பிள்ளைகள் சிறகைப் பிய்த்துவிடுமோ என்று கிளியை ஜன்னல் மேடையில் தூக்கி வைத்தேன். சுவிட்சை அணைக்கவில்லை. லோகநாயகி, ‘அண்ணே, கிளிய கொஞ்சுனது போதும், வந்து சாம்பார் வாளியத் தூக்கு’ என்று விரட்டினாள், போய்விட்டேன். அந்த ஜன்னலுக்கு நேர் கீழே இலை போட்டிருந்தது விருத்தாம்பாளுக்கும் மாப்பிள்ளைக்கும்.

இரண்டு ஃபேன் இரைச்சல், சாம்பார் ரசம் என்ற கூச்சல், இதில் கிளி என்ன சொன்னாலும் யாரும் கவனிக்கவில்லை. நான் பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தபோது அந்தம்மா மகன் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாயசத்தில் முந்திரி போதவில்லை என்கிறார்கள் போல என்று நினைத்தேன். அப்போது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. அந்தம்மா பேச்சை நிறுத்தினார்கள். எல்லோரும் இலையில் கையை வைத்துக்கொண்டு மேலே ஃபேனைப் பார்த்தோம். கிளி தலையை ஆட்டியது.

‘ஓசூர்லேருந்து அவ போன் பண்ணா எடுக்காத. கொழந்தய பத்தி தாலி ஏறுன பொறவு பேசிக்கலாம்.’

மச்சான், இதுதான். ஒரு எழுத்து கூட்டவில்லை, ஒரு எழுத்து குறைக்கவில்லை. கீச்சுக்குரல்தான், ஆனால் இழுவை அந்தம்மாவுடையது. இரண்டு தரம் சிறகை அடித்துவிட்டு நின்றது. என் கையிலிருந்த கரண்டி வாளிக்குள் விழுந்தது. அந்த ‘ணங்’கையும் கிளி திருப்பிச் சொன்னது. அதோடு முன்னால் சொன்னது டேப்பில் அழிந்துவிட்டது. இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

அடுக்களை வாசற்படியில் நின்ற அனுதான் முதலில் பேசினாள். ‘எந்தக் கொழந்த?’ என்றாள். சத்தம் போடவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள், அவ்வளவுதான். அந்தப் பையன் நிமிரவே இல்லை. பாயசம் அப்படியே இருக்க இலையை மடித்தான். இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று அந்த வீடே காத்திருந்தது. மடித்த இலையின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதற்கப்புறம் அந்தம்மா எழுந்து போட்ட சத்தம் வடக்கு வீதி வரை கேட்டிருக்கும். ‘கூப்புட்டு வச்சி பொம்மைய விட்டு அசிங்கப்படுத்துறியா? நீதான்யா கொரல மாத்திப் பேசி உள்ள புடிச்சி வச்சிருக்க. நீ வாயத் தொறந்தா பொய்யின்னு கடலூர் ஜில்லாவுக்கே தெரியும்’ என்று என் முகத்துக்கு நேரே கையை நீட்டினார்கள். நம் பக்கத்து ஆட்களே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைத்தான் மச்சான் என்னால் மறக்க முடியவில்லை. எப்படிப் பேசிப் பேசி என் பேரை இப்படிச் செய்துகொண்டேன் என்று அப்போது தோன்றியது. வேன் போன பிறகு லோகநாயகி, ‘நெசமாலுமே நீ ஒண்ணும் பண்ணலயே அண்ணே?’ என்று கேட்டாள். கூடப் பிறந்தவள்.

முந்தாநாள் பக்கிரி இங்கே என் வீட்டுக்கு வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவதிகை கோயில் வாசலில் நாலு பேர் எதிரில் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். ‘தமாசுக்கு நான்தான் கொரல மாத்திப் பேசி வச்சேன், தப்பா போயிடுச்சி.’ இதைச் சொன்னால் ஆவணியில் நீங்கள் பேசி வைத்த மண்டபத்தில் கல்யாணம் நடக்கும், யாருக்கும் யார் மேலும் கோபமில்லை என்றார். ஓசூரில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். ‘அத நீ ஏன் கேக்குற? அதெல்லாம் பேசி முடிச்ச கதை’ என்றார். மச்சான், இல்லை என்று அவரும் சொல்லவில்லை.

லோகநாயகி போனில் அழுகிறாள். ‘ஊரே சிரிக்குதுண்ணே. பூ வச்ச பொண்ணு. கட்டிக்கிட்டா எல்லாம் சரியாப் போவும், சொல்லிடுண்ணே’ என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை, ஒற்றை ஆளாக அந்த வீட்டில் நின்று எல்லோருக்கும் பதில் சொல்கிறாள். நீங்களும், ‘நீ சொல்லாத பொய்யாய்யா? இதையும் சொல்லித் தொலை’ என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

நியாயம்தான். யாரும் கேட்காமலே வாழ்நாள் முழுக்கப் பொய்யை அள்ளி அள்ளிக் கொடுத்தவன் நான். இப்போதுதான் முதல் தரம் ஒருவர் வெற்றிலை பாக்கு வைத்து என்னிடம் ஒரு பொய்யைக் கேட்கிறார். வாய் வரவில்லை மச்சான். தைலம்மாளை எதிரில் உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்தேன். ‘இம்மாம் மோசமா நீங்க பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல’ என்றாள். சொல்லிவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிரெஞ்சுக்காரர் என் கைக்கு முத்தம் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கரடி தமிழ் பேசினால் யார் வீட்டில் உலை நிற்கப் போகிறது? ஆனால் இந்தப் பொய்க்குள் நம் அனு குடித்தனம் நடத்த வேண்டும். ஓசூரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத ஒரு குழந்தை இருக்கிறது, அது அந்தப் பையனை அப்பா என்றுதான் கூப்பிடும். இத்தனை பேரை மூடுகிற அளவுக்குப் பெரிய பொய் என்னிடம் இல்லை. தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பக்கிரி அதை நடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பழத்தைத் தைலம்மாள் தொடவில்லை.

அனுவைப் பற்றி எழுத வேண்டும். அன்றைக்கு எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது எச்சில் இலைகளை அவள் ஒருத்திதான் எடுத்துப் போட்டாள். மாலையில் என்னிடம் வந்து, ‘மாமா, இந்தக் கிளி தானா எதாச்சும் பேசுமா?’ என்று கேட்டாள். பேசாதும்மா, கேட்டதைத்தான் சொல்லும் என்றேன். ‘செரி’ என்றாள். என்னைப் பொய்யன் என்று நினைக்கிறாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் என்னைப் பஸ் ஏற்ற வந்தாள். கடலூர் பஸ் வந்து நின்ற பிறகு, ‘நீதான் பேசி வச்சதா சொல்லுன்னு அவுங்க வந்து கேட்டா சொல்லிடுவியா மாமா?’ என்றாள். எந்தக் கேள்விக்கும் பத்துப் பதில் வைத்திருக்கிறவன் நான். பையைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பஸ் திரும்பும்வரை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் அம்மா என்ன நினைக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் சொன்னதும் தெரியும், பக்கிரி சொன்னதும் தெரியும். இந்த எட்டு நாளில் அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

என்னை நம்ப வேண்டாம். என்னை நம்பச் சொல்லி யாரிடமும் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. அன்றைக்கு வீட்டுக்குப் போன் போடுங்கள். லோகநாயகி எடுத்தால் அனுவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். உனக்கு என்னம்மா வேண்டும் என்று ஒரே ஒரு தரம் கேளுங்கள். கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் பேசாதீர்கள். அவள் நேரம் எடுத்துக்கொள்வாள், நடுவில் லைனில் சத்தமே இல்லாமல் இருக்கும், கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். கார்டு தீர்ந்தால் இன்னொரு கார்டு போடுங்கள். அவள் என்ன சொல்கிறாளோ, அதற்குத் தலையாட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டுவிடுங்கள் மச்சான்.

பாடலீஸ்வரர் உங்களையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும்.

என்றைக்கு ஆனாலும் அவள் சிரித்த முகத்தோடு வந்து நிற்கிற மணவறையில் மாலை எடுத்துக் கொடுக்கக் காத்திருக்கும் தாய்மாமன்,
சுப்புராயன்