அத்தையின் முதல் கார்

சனிக்கிழமை, செந்தூல்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்த அத்தை, இன்று தன் முதல் காருக்குக் கோயில் வாசலில் பூசை போட்டார். இருட்டிக்கொண்டு வந்தது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, குறைந்த வெளிச்சத்திலும் சட்டென்று படம் பிடிக்க ஐஎஸ்ஓவை ஏற்றப் போனேன்.

என்னோடு கார் படம் எடுக்கும் குமார் தடுத்தான். "ஏத்தாத லா, படம் புள்ளி புள்ளியா வரும். நூறுலயே வெச்சு, ஷட்டர எட்டு செகண்டு தொறந்து விடு."

எட்டு செகண்டில் அசைவதெல்லாம் கலைந்துபோகும். கார் அசையாமல் நிற்கும், சரி. அத்தை நிற்பாரா? நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிவதும் நிமிர்வதுமாகச் சுற்றி வந்தார். எனக்கு இது தெரியாதா? பத்து வருடமாக இதே வேலை! இருந்தும் அவன் பேச்சைக் கேட்டேன்.

எடுத்த நாலு படத்திலும் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது. அத்தை இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ. நான் படங்களைப் பார்ப்பதற்குள் அத்தை காரை ஓட்டிப் பழங்களை நசுக்கிவிட்டார்; மறுபடி எடுக்க வழியில்லை.

"கார் செம்மையா வந்திருக்கு லா!" என்றான் குமார். அறையலாம் போலிருந்தது. அவனையா, என்னையா?

அத்தை இறங்கி வந்து கேமராத் திரையை உற்றுப் பார்த்தார். "காரு அழகா இருக்கும்மா. நான் எங்க நிக்கிறேன்?"

அந்தப் புகையை விரலால் தொட்டுக் காட்டினேன்.