செத்த தட்டு சுத்தமாம்

வியாழன் இரவு, முதுநகர்.

ரயிலில் வரும்போதும் கோபம் தணியவில்லை. சிதம்பரத்தில் எங்கள் ஆய்வகத்தில் இன்று இரண்டு தட்டுகளில் வளர்ந்த மூளைச் செல்களுக்கு குளூட்டமேட் விட்டேன். ஒரு நியூரான் அடுத்ததை உசுப்புவது இந்த அமினோ அமிலத்தால்தான். அளவு மீறினால் கொன்றும்விடும். வழக்கம்போல மருந்து போட்டு, நியூரான்களைச் சுற்றி நின்று பராமரிக்கும் கிளியா செல்களை ஒழித்த தட்டில் நியூரான்கள் எல்லாம் ஊதிச் செத்தன. மருந்து போடாத தட்டில் மிஞ்சிய குளூட்டமேட்டை கிளியா உறிஞ்சிக்கொண்டது. நியூரான்கள் பிழைத்தன.

என் ஆராய்ச்சி கைடு, பிழைத்த தட்டை மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார்.

“என்னம்மா இது, ஒரே குப்ப? கிளியா ஏறிப்போச்சி. தூக்கிக் கொட்டிடு.”

“சார், இதுலதான் நியூரான் உயிரோட இருக்கு.”

“அதான் சொல்றேன். கிளியாவால ரிசல்ட் கெட்டுப்போச்சி. சுத்தமான தட்டுல வந்தத மட்டும் எழுது.”

செத்த தட்டு சுத்தமாம், பிழைக்க வைத்தது குப்பையாம்! எந்த மூளையில் நியூரான் கிளியா இல்லாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது? வகுப்பில் இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான்.

பக்கத்தில் நின்ற ஜூனியர் சல்மா, “வுடுக்கா, பேசுனா இன்னும் ஜாஸ்தி கத்துவாரு” என்று கிசுகிசுத்தாள். நானும் “சரி சார்” என்றேன்.

ஆனால் கொட்டவில்லை. இன்குபேட்டரில், அவருடைய சுத்தமான தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். மூடியில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்: “குப்பை. உயிரோடு இருக்கிறது.”