உங்கள் மெஷினில் இன்னும் ஜனவரி ஒன்று

அண்ணி,

வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு நாள் உங்கள் கம்ப்யூட்டருக்கு நான் வாய்விட்டுப் பதில் சொன்னேன். பகல் பன்னிரண்டு மணி. நம் பேனர் கடையில் ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். "டீ வச்சாச்சா?" என்று உங்கள் குரல் கேட்டது. "அண்ணன் வயலுக்குப் போயிருக்கு அண்ணி, வந்ததும் வைக்கும்" என்றேன். திரும்பினால், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்யப்போகிற தேங்காய் வியாபாரி ஒருவர், பேனருக்குப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"உள்ள யாரும்மா?"

"எங்க அண்ணி."

"கூப்பிடேன், டிசைனை அவங்ககிட்டயே சொல்லிடுறேன்."

"அவங்க போயிப் பத்து மாசம் ஆச்சுங்க."

பத்தடி பேனர் கேட்க வந்தவர், ஆறடி போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குரலை நீங்கள் பதிந்து வைத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தினமும் நாலு மணிக்குப் பின்கட்டைப் பார்த்துக் கத்திக் கத்தித் தொண்டை போகிறது என்றீர்கள். உங்கள் லினக்ஸ் மெஷினுக்கு என்னென்னவோ அடித்துக் கட்டளை கொடுத்தீர்கள். மறுநாள் சரியாக நாலு மணிக்கு ஸ்பீக்கர் கேட்டது. கடைக்குப் பின்னால் வீட்டில் இருந்த அண்ணன், உங்களுக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று இரண்டு டம்ளரோடு வந்தார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

நானோ விண்டோஸ் கட்சி; பக்கத்து மேசையில் என் மெஷினில் அதுதான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பிழையில்லாமல் நான் அடித்த முதல் வார்த்தையே 'கண்ணீர் அஞ்சலி'. எனக்குப் பழைய விண்டோஸில் வரும் அந்தப் பச்சை மேடும் நீல வானமும் போதும். "இதப் பாருங்க, குறுவை நட்டு இருவது நாள் ஆன வயல் மாதிரி இருக்கு" என்பேன். "நம்ம பக்கம் வாய்க்கால் கரையைத் தவிர மேடு ஏதும்மா? அது எந்த ஊரு வயலோ" என்பீர்கள். உங்கள் லினக்ஸின் சின்னமான பென்குயினுக்கு நம் சித்திரை வெயில் ஆகாது, தினம் மோர் ஊற்றுங்கள் என்று நான் கேலி செய்வேன்.

ஒரு நாள் கேட்டேன், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. "உன்னோடது ஒவ்வொண்ணுக்கும் சரியா, சரியான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். என்னோடது சொன்னதைச் செய்யும். நிறுத்துன்னு நான் சொல்ற வரைக்கும் செய்யும்."

"அப்ப எங்க அண்ணனும் லினக்ஸுதான்" என்றேன். அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் ஒரு போஸ்டருக்குத் தலைப்பெழுத்து தப்பிப் போயிற்று.

நிறுத்து என்று சொல்லாமலே போய்விட்டீர்கள். மூன்று நாள் காய்ச்சல், நாலாவது நாள் காலை.

உங்கள் போஸ்டரை நான்தான் செய்தேன், உங்கள் மெஷினிலேயே. போட்டோ அதில்தான் இருந்தது. அதன் உள்ளே இருந்த கடிகார பேட்டரி செத்துப் பல நாளாகியிருந்ததே, நினைவிருக்கிறதா? கரண்ட் போய் வந்தால் அது வாங்கிய வருஷத்து ஜனவரி ஒன்றாம் தேதிக்கு, இரவு பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றுகொள்ளும். தினமும் காலையில் சாமி விளக்கை ஏற்றிய கையோடு வந்து அதற்குத் தேதி சொல்வீர்கள். பேட்டரியை மாற்றுங்களேன் என்றால், "வயசானா தேதி மறக்கத்தான் செய்யும். நாமதான் எடுத்துச் சொல்லணும்" என்பீர்கள். மாற்றவே இல்லை. நீங்கள் படுத்த பிறகு அதற்குத் தேதி சொல்ல ஆள் இல்லை. தேதியை மாற்றத் தனியாக ஒரு பாஸ்வேர்டு வேண்டும். அது உங்களோடு போய்விட்டது.

சாவுக்கு வந்தவர்கள் போன பிறகுதான் கவனித்தேன். மெஷினில் தேதி வரிசைப்படி நிற்கும் நம் வேலைகளின் பட்டியலில் முதலில் நிற்பது உங்கள் கண்ணீர் அஞ்சலி. அதற்குப் பிறகு, ஏழு வருஷமாக நீங்கள் செய்த கல்யாணப் பேனர், காதுகுத்து, பூப்புனித நீராட்டு எல்லாம் வரிசையாக. அந்த மெஷின் கணக்குப்படி நீங்கள் இறந்த பிறகுதான் எல்லா வேலையும் செய்திருக்கிறீர்கள். எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. ஃபேனைக் குறைத்துப் பார்த்தேன். சில்லிப்பு குறையவில்லை.

குரலும் நேரம் தப்பியது. கரண்ட் வந்து பதினாறு மணி நேரம் கழித்தால் அதற்கு நாலு மணி. ஆகவே விடியலில் கேட்கும், உச்சியில் கேட்கும். எப்போது கேட்டாலும், வீட்டில் இருந்தால் அண்ணன் இரண்டு டம்ளரோடு வந்துவிடுவார். எனக்கு ஒன்று. மற்றதை உங்கள் மேசையில் வைத்துவிட்டு நிற்பார். ஆறிய பிறகு எடுத்துக்கொண்டு போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நீங்கள் போனதிலிருந்து பேச்சே இல்லை. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது அண்ணி. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினால் போதும் என்று எனக்கும் தெரியும். கை போகவில்லை. எனக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது.

கடைசியில், கை போகாதவள் ஆளை வைத்தேன். பேராவூரணியிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். நீங்கள்கூட மதிக்கிற வேலைக்காரர். குரலின் கதையையும் கரண்ட் வந்த நேரத்தையும் வந்ததுமே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஃபைலையெல்லாம் எடுத்துட்டு, மொத்தமா அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுடலாங்க்கா. உங்களுக்கும் அதுதானே பிடிக்கும்?"

பிடிக்கும்தான். இத்தனை வருஷம் உங்களிடம் வாதாடியதில் நான் ஜெயித்த நாள் அது. ஆனால் என் கண் ஸ்பீக்கர் மேல் போயிற்று.

"அந்தக் குரல் இப்ப வந்துடுமா பாய்?" என்றேன்.

"காலையில பத்து மணிக்குத்தானே கரண்ட் வந்துச்சு. அதுக்கு இன்னும் நேரம் கிடக்கு."

நானும் விரல் விட்டு எண்ணினேன். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வரவேண்டும். அப்போது பதினொன்றே கால். பாய் பென்டிரைவைச் சொருகினார். மெஷின் விசிறி ஒரு தரம் ஓங்கி அடங்கியது. சூடான தூசி வாசனை வந்தது.

"டீ வச்சாச்சா?"

பாய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "அது வரக்கூடாதேக்கா" என்றார். திரையின் மூலையில் மணி பார்த்தார்; ஒன்றே கால் என்று காட்டியது. ஜனவரி ஒன்று, ராத்திரி ஒன்றே கால். மறுபடி பார்த்தார். எந்தக் கட்டளையால் வந்தது என்று தேடினார். எங்கேயும் சிக்கவில்லை.

அண்ணன் இரண்டு டம்ளரோடு வந்து நின்றார். மெஷினைப் பார்த்தார், பென்டிரைவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெஷின் பக்கம் திரும்பி, "வச்சாச்சு" என்றார். பத்து மாதத்தில் முதல் சொல்.

உங்கள் டம்ளரை மேசையில் வைக்கவில்லை. பாயிடம் நீட்டினார். "குடிங்க பாய், ஆறிடும்."

பாய் ஒரே மூச்சில் குடித்தார். பென்டிரைவை உருவிப் பையில் போட்டார். "இதுக்கு விண்டோஸ் ஒத்துக்காதுக்கா" என்று சொல்லிவிட்டு, கூலிகூட வாங்காமல் வண்டியை எடுத்தார்.

அன்றிலிருந்து அண்ணன் பேசுகிறார். அதிகமில்லை, உப்பு, தண்ணீர், வாய்க்கால் முறை, இப்படி. உங்கள் டம்ளர் கடைக்கு யார் வந்திருந்தாலும் அவர்களுக்குப் போகிறது. குரல் எப்போதும்போல அது நினைத்த நேரத்துக்குக் கேட்கிறது. அன்றைக்கு ஏன் கேட்டது என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

காலையில் விளக்கேற்றிவிட்டு வந்து நான் அதற்குத் தேதி சொல்கிறேன். பாஸ்வேர்டு தெரியாததால் வாயால் சொல்கிறேன். நாமதானே எடுத்துச் சொல்லணும். அது கேட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

இன்று அது கேட்டபோது கடையில் நான் மட்டும். அண்ணன் இரண்டு டம்ளரையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாவது டம்ளர் என் விண்டோஸ் கீபோர்டில் கொட்டியது. துடைத்தேன். சர்க்கரை போட்ட டீ, எறும்பு வந்தது. ஆகவே இந்தக் கடிதத்தை உங்கள் மெஷினில் அடித்திருக்கிறேன். தேதி, நீங்கள் உயிரோடு இருந்த வருஷத்து ஜனவரி ஒன்று என்று விழுந்திருக்கிறது.